கடலில் எங்கள் பங்கு

நுனாசக்
1995 ஜனவரி 24

கொழுந்தனாருக்கு,

நீ ஏறுன பிளேன் மேகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே உங்க அப்பா கேட்டாரு: "ஏ ஒலிங்கா, அவன் கம்பளிக் காலுறைய எடுத்துட்டுப் போனானா?" எடுக்கல. எங்க வீட்டு அடுப்புக்கு மேல காஞ்சுகிட்டு கெடக்கு. பெரிய கப்பல்ல மீன் வெட்டப் போற வீரன் வெறுங்காலோட போயிருக்கான்னு அன்னைக்கே வீட்டுக்கு வீடு இருக்குற பேசுற ரேடியோவுல ஊருக்குச் சொல்லிட்டேன். எல்லா வீட்டுலயும் சிரிச்சாங்க. அத்தை மகளுக்கு மாமன் மகனைக் கேலி பண்ண உரிமை இருக்கு. அந்த உரிமைய நான் ஒருநாளும் வீணாக்குனதில்ல.

சரி, சிரிப்ப விடு. விஷயத்துக்கு வர்றேன், எழுதறதுக்குள்ள கை பரபரங்குது.

நீ போன மறுநாள் கரையோர ஊருங்களோட மீன் சங்கத்துல இருந்து கார்ல் வந்தான். பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் கூடத்துல கூட்டம் போட்டாங்க. முன்னால இதே கூடத்துல வெச்சுத்தான பொல்லாக் கோட்டாவப் பத்திச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? பெரிய கப்பலுங்க பிடிக்கிற பொல்லாக்குல ஒரு பங்கு கரையோர கிராமங்களுக்குச் சொந்தம்னு அரசாங்கம் எழுதிக் குடுத்துருச்சுன்னாங்க. ஊரே சிரிச்சுது. நாம அந்த மீனப் பிடிச்சதும் இல்ல, தின்னதும் இல்ல. நம்ம படகு போக முடியாத ஆழத்துல கெடக்குற மீனு நமக்குச் சொந்தமாம். அந்தப் பங்கைத்தான் சங்கம் உங்க கப்பலுக்குக் குத்தகைக்கு விட்டுச்சு. அதுல வந்ததுதான் உன் வேலையும்.

இந்தத் தடவ கார்ல் சொன்னது வேற. வர்ற கோடையில இருந்து ஹாலிபட்டுலயும் நமக்குப் பங்கு உண்டாம். அது எங்கயோ கெடக்குற மீனில்ல. நம்ம முகத்துவாரத்துக்கு வெளியிலயே கெடக்குற தட்டை மீனு. நம்ம படகுல நாமளே பிடிக்கலாம். ஐஸ் மெஷின், தராசு, வாங்குறதுக்கு ஆளு எல்லாத்தையும் சங்கமே கொண்டாந்து வெக்கும். ஆனா இந்தக் கரையில ஒரே ஒரு ஊருக்குத்தான் அந்த மீன் வாங்குற நிலையம். கடலுக்குப் போகுற மாதிரி உறுதியான படகும், பேர் குடுக்குற ஆளும் எந்த ஊர்ல இருக்கோ அங்க.

நான் எந்திரிச்சு நின்னு, "எங்க ஊர்ல இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் உக்காந்துதான் எத்தன படகு இருக்குன்னு யோசிச்சேன்.

உன் படகு கரையில பனிக்கு அடியில கெடக்கு. ஊர்லயே நல்ல படகு அதுதான். அதை எனக்குக் குடு. நான்தான் ஓட்டப் போறேன். சிரிக்காத.

காலுறைய அடுத்த பிளேன்ல அனுப்புறேன்.

ஒலிங்கா

---

கடலில், டச்சு ஹார்பருக்கு வடக்கே
1995 பிப்ரவரி 11

மதினிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் கப்பலைத் திட்டு. காலுறை வந்து சேர்ந்தது. அதற்குள் நீ வைத்திருந்த காய்ந்த மீனையும் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார்கள். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், ரமோன் என்று பெயர், "இது எங்க ஊர்க் கருவாடு மாதிரியே இருக்குடா" என்று கண் கலங்கினார். அவர் வீட்டை விட்டு வந்து வெகு நாளாகிறது போல.

முதல் சில நாட்கள் வாந்தி எடுத்தேன். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள், நானே சொல்லிவிட்டால் கேலி கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு.

மதினி, இந்தக் கப்பலை நீ பார்க்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்தைவிடப் பெரியது. வலையை இழுத்தால் அதன் மடி ஒரு திமிங்கிலம்போலப் பின்பக்கத்துச் சரிவில் ஏறி வருகிறது. அவிழ்த்துவிட்டால் பொல்லாக் ஆறாக ஓடிக் கீழே விழுகிறது. நான் கீழே நிற்கிறேன், சினை பிரிக்கிற இடத்தில். கையில் எப்போதும் குளிர்ந்த தண்ணீர். ஆனால் முதல் நாள் அந்த மீன் என் முன்னால் வந்து குவிந்தபோது ரமோனிடம் சொன்னேன்: "இதுல எங்க ஊருக்குப் பங்கு இருக்கு." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப முதலாளி, கொஞ்சம் வேகமா வெட்டுங்க" என்றார். அன்றிலிருந்து கீழ்த்தளத்தில் எல்லாரும் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படகு விஷயம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெற்கு ஊர்க்காரர் ஒருவருக்கு அதைக் கொடுப்பதாகப் பேசிவிட்டேன். இங்கே கேப்டன் ஒலாவ்சன் நல்ல மனிதர், சத்தம் போடுவார், ஆனால் நல்லவர். கிராமத்துப் பையன்களில் யாராவது துணை மாலுமிக்குப் படிக்க விரும்பினால் சங்கம் செவர்டில் இருக்கிற மாலுமிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் என்று சொன்னார். எனக்கு ஆசையாக இருக்கிறது. படிப்புச் செலவு சங்கத்தினுடையது. அங்கே தங்க, சாப்பிட ஆகும் செலவுக்குப் படகை விற்கலாம் என்று இருக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை. கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

நீ படகோட்டுவதைப் பற்றி நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

ஈவான்

---

நுனாசக்
1995 மார்ச் 2

கொழுந்தா,

முதலாளியாமே. அம்மாகிட்டச் சொன்னேன். "எங்க அண்ணன் மகன் முதலாளியா? அவனுக்கு மூக்கே ஒழுங்காச் சிந்தத் தெரியாதே"ன்னாங்க.

இங்க என்ன நடக்குதுன்னு கேளு. வீடு வீடாப் போறேன். பிளேன் வந்தா ஓடுபாதைக்குப் போய்ச் சாமான இறக்குறேன், டப்பா சோடா, டயப்பர், டிவி பெட்டி. இறக்கி முடிச்சதும் பனிவண்டியத் திருப்பி அடுத்த வீடு. "படகு இருக்கா, பேர் குடுக்குறீங்களா?" ஒவ்வொரு வீட்டுலயும் டீ. கொழுப்பும் பழமும் கொழைச்ச அகுத்தக் கிண்ணத்த நீட்டுறாங்க. வேண்டாம்னா கோவம். எடை கூடிட்டேன்.

முதல்ல எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிச்சாங்க. ஆம்பளைங்க நீராவிக் குளியல்ல உக்காந்து, "ஒலிங்கா போனா ஹாலிபட் பயந்து ரஷ்யாவுக்கு ஓடிரும்"னு பேசிக்கிட்டாங்களாம். அத வந்து என்கிட்டச் சொன்னது உங்க அப்பாதான். சொல்லிட்டு அவரும் சிரிச்சாரு. "யாக்கோ மாமா, நீங்க பேர் குடுக்குறீங்களா?"ன்னேன். "பொம்பள ஓட்டுற படகுல நான் ஏற மாட்டேன்"னாரு.

ஆனா ஊரு மெதுவாத் திரும்புது. பள்ளிக்கூடத்துச் சமையக்காரி மார்ஃபா வர்றேங்கிறா. அவ கை உனக்குத் தெரியுமே, கல்லையும் பிழிஞ்சு தண்ணி எடுப்பா. மேலத்தெரு அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரும் பேர் குடுத்துட்டாங்க. அவங்க குடுத்ததப் பாத்து எதிர்வீட்டுக்காரங்களும் குடுத்துட்டாங்க. இந்த ஊர்ல மாச சம்பளம் வாங்குற வீடு எத்தனன்னு உனக்கே தெரியும். இங்கயே இருந்துகிட்டு, நம்ம தண்ணியில, நம்ம கையால பிடிச்சு வித்து வாழலாங்கிற எண்ணம் ஒருத்தர் மூஞ்சியில வந்துருச்சுன்னா, மறுபடி அத அணைக்க முடியாது ஈவான். நான் கண்ணால பாக்குறேன்.

கார்ல் ரேடியோவுல சொன்னான்: தெற்கு ஊரும் கேக்குதாம். நம்மகிட்ட இன்னும் ஒரு நல்ல படகு இருந்தா நிலையம் நமக்குத்தான். அந்தத் தெற்கு ஊர்க்காரனுக்கா நீ படகக் குடுக்கப் போற? நம்ம படகாலயே நம்ம நிலையத்த அவன் தூக்கிட்டுப் போவான்.

படிச்சுக்கோ. வேண்டாங்கல. ஆனா படக வித்துராத. சும்மா கெடக்குற பொருளத்தான் கேக்குறேன். சரின்னு ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

ஒலிங்கா

---

கடலில்
1995 மார்ச் 15

மதினிக்கு,

இந்த வாரம் என்னை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். வலை வந்தால் மடியை அவிழ்த்துவிடுகிற வேலை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மடி வந்தது. அவிழ்த்தோம். பொல்லாக் ஓடியது. அதன் நடுவில் பெரியதாக, வெள்ளியாக ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு பல. சால்மன். ராஜா சால்மன். நம் ஆற்றில் கோடையின் தொடக்கத்தில் வருமே, முதல் மீன் வந்ததும் ஊரெல்லாம் துண்டு பகிர்ந்துகொள்வோமே, அது. எல்லாம் செத்திருந்தது. அரசாங்கத்திலிருந்து கணக்கெடுக்கக் கப்பலில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் கடலில் எறியச் சொன்னார்கள். வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். நான்தான் எறிந்தேன்.

அது நம் ஆற்றுக்கு வர இருந்த மீனா, வேறு ஆற்று மீனா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தது கிராமங்களின் பங்கு. நம் பங்கைப் பிடித்த வலைதான் அதையும் பிடித்தது.

தளத் தலைவனிடம் கேட்டேன், "இடம் மாறிப் போய் வலை போடலாமே?" அவன், "அத மேல சுக்கான் பிடிக்கிறவர்கிட்டக் கேளு. நான் கயித்த இழுக்குறவன்" என்றான்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். செவர்டுக்குப் போகிறேன். அந்த மேல் அறையில் நம் ஆள் ஒருவன் நிற்க வேண்டும். அதற்குப் படகை விற்றே ஆக வேண்டும். வாக்கும் கொடுத்துவிட்டேன். பனி உருகுவதற்குள் தெற்கு ஊர்க்காரர் வந்து இழுத்துப் போவார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஹாலிபட் ஆட்டத்தை விட்டுவிடு. உங்கள் அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்டது உங்கள் வீட்டுக்குப் போதாதா? அத்தை இன்னொரு தடவை கரையில் நின்று அழ வேண்டுமா? என் படகில் அது நடக்க விட மாட்டேன்.

ஈவான்

---

செவர்ட்
1995 ஏப்ரல் 10

மதினிக்கு,

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. வரைபடம், காற்று, நங்கூரம் எல்லாம் படிக்கிறேன். வகுப்பில் என்னைவிடச் சின்னவர்கள்தான் அதிகம்.

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கடிதம் வந்து சேரவில்லை என்று நீ சொல்ல முடியாது. ஊருக்கு வருகிற தபால் பையை இறக்குவதே நீதான்.

அந்தக் கடைசி வரிகளை எழுத வைத்தது சால்மனைப் பார்த்த கோபம். அந்தக் கோபத்தை வீச வேறு ஆள் கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவின் பேரை நான் அப்படி இழுத்திருக்கக் கூடாது. எனக்கு முதன்முதலில் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

கேலி செய்தாவது ஒரு வரி போடு. திட்டினாலும் சரி.

ஈவான்

---

நுனாசக்
1995 மே 4

ஈவானுக்கு,

உன் ரெண்டு கடிதமும் வந்தது.

எங்க அப்பா கடல்ல போனாரு. அதே கடல்ல இருந்து எடுத்த மீனும் சீல் எண்ணெயும் குடுத்துத்தான் என்னை வளத்தாரு. ரெண்டும் உண்மை. நீ ஒண்ண மட்டும் எழுதுன. அம்மாகிட்ட உன் கடிதத்தப் படிச்சுக் காட்டல. ஆனா நான் பேர் குடுத்த அன்னைக்கே அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் குடுத்தேன். "மிதவைச் சட்டையக் கழட்டாத"ன்னு மட்டும் சொன்னாங்க. நீ அவங்களுக்காக அழ வேண்டியதில்ல.

இதுக்கு மேல அதப் பத்திப் பேச வேண்டாம். நீயும் பேசாத.

இப்ப உன் படகு. நான் அதக் கேட்டு யார் வீட்டு வாசலுக்கும் போகல. நடந்தத மட்டும் சொல்றேன்.

பனி உருகுறதுக்கு முன்னாடி தெற்கு ஊர்க்காரரு ரெண்டு பனிவண்டியும் ஆளும் கயிறுமா வந்தாரு. நான் ஓடுபாதையில இருந்தேன். ரேடியோவுல யாரோ, "ஈவான் படக இழுக்குறாங்க"ன்னு சொன்னாங்க. வேலைய முடிச்சுட்டுத்தான் போனேன். அங்க போனா உங்க அப்பா படகுக்குள்ள உக்காந்திருக்காரு. பிளாஸ்க்குல டீ, மடியில பிஸ்கட் டப்பா.

"யாக்கோ, உன் மகன் வாக்குக் குடுத்திருக்கான்"ங்கிறாரு வந்தவரு.

"அவன் குடுத்திருந்தா அவனே வந்து எடுத்துத் தரட்டும். நான் என்ன கடைக்காரனா?"

"அப்ப எறங்கு, நான் ஈவான்கிட்டப் பேசிக்கிறேன்."

"குளுருது. எறங்க முடியல. டீ குடிக்கிறியா?"

அவரு டீ குடிச்சாரு. உங்க அப்பா பிஸ்கட்டும் குடுத்தாரு. ரொம்ப நேரம் சீல் வேட்டையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அவரு வெறுங்கையோட திரும்பிப் போனாரு. போகும்போது என்னைப் பாத்து, "உங்க ஊர்ல கெழவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா?"ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு.

உங்க அப்பா படகுல இருந்து எறங்கி என்கிட்ட வந்து, "படகு கடலுக்குத்தான். எனக்கு ஒரு மிதவைச் சட்ட வேணும், பெரிய அளவுல"ன்னாரு.

போன வாரம் கார்ல் சொல்லிட்டான். நிலையம் நமக்கு. ஐஸ் மெஷின் கோடையில வர்ற சரக்குத் தோணியில வருது.

நீ அந்த மனுசனுக்குக் குடுத்த வாக்கு என்னாகும்னு நீதான் பாத்துக்கணும். நீ அங்க தங்கிப் படிக்கிற செலவுக்கு என்ன பண்ணப் போறன்னு எனக்குத் தெரியல. என் பங்குல இருந்து தர முடியும். இது கேலி இல்ல.

ஒலிங்கா

---

செவர்ட்
1995 மே 19

மதினிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் வெளியே நடந்தேன்.

தெற்கு ஊர்க்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க அப்பா எப்பவும் இப்படித்தானா?" ஆம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

செலவுக்கு வழி கிடைத்தது. துறைமுகத்தில் மாலை நேரம் மோட்டார் பழுது பார்க்கிற கடையில் வேலை. உன் பங்கு உன்னிடமே இருக்கட்டும்.

படகை எடுத்துக்கொள். ஒரே ஒரு விஷயம். அந்த மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. ஈரப்பதம் இருந்தால் முதல் இழுப்பில் எடுக்காது. திட்டாதே, இன்னும் முரண்டு பிடிக்கும். மூடியைக் கழற்றித் துடை, கொஞ்சம் பொறு, பிறகு இழு.

அப்பா ஏறுகிறாரா? நிஜமாகவா? எங்கே உட்காருகிறார்?

ஈவான்

---

நுனாசக்
1995 ஜூன் 21

கொழுந்தா, கொழுந்தா,

எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. கையெல்லாம் கொக்கி கிழிச்சிருக்கு, பேனாவப் பிடிக்க வரல. ஆனாலும் எழுதணும். இல்லன்னா வெடிச்சிருவேன்.

ஹாலிபட் சீசன் தொறந்த அன்னைக்குக் காலையில மூடுபனி. ஊரே கரையில. படகெல்லாம் வரிசையா நிக்குது. உன் மோட்டாரு எடுக்கல. எல்லாரும் கெளம்பிட்டாங்க, நாங்க மட்டும் நிக்கிறோம். மேலத்தெரு அண்ணன் ரேடியோவுல, "ஒலிங்கா, ஹாலிபட் வீட்டுக்கே வந்துரும், அடுப்பப் பத்த வெச்சுட்டுக் காத்திரு"ங்கிறான். நான் திட்டல. நீ சொன்ன மாதிரி துடைச்சேன், பொறுத்தேன், இழுத்தேன். உறுமிக்கிட்டு எடுத்துச்சு.

உங்க அப்பா எங்க உக்காந்தாருன்னு கேட்டியே. படகு மூக்குல. முன்னால பாத்து. எனக்கு முதுகக் காட்டி. பொம்பள ஓட்டுறதப் பாக்கலன்னா ஏறுன கணக்கில்ல போல.

தீவு மங்கலாத் தெரியுற எடம் வரைக்கும் போனோம். கொக்கி வரிசையாக் கட்டுன நீளக் கயித்த எறக்குனோம். ஹெர்ரிங் மீனுதான் இரை. மார்ஃபா ஒண்ணொண்ணா மாட்டுறா, நான் படக நேரா விடுறேன். அப்புறம் டீ குடிச்சோம். ஒண்ணும் விழலன்னா நாளைக்கு ஊர்ல எப்படித் தலையக் காட்டுறது?

இழுக்க ஆரம்பிச்சோம். முதல் கொக்கி வெறுசு. அடுத்தது நட்சத்திர மீனு. அடுத்ததும் வெறுசு. உங்க அப்பா தொண்டையக் கனைச்சாரு. அப்புறம் ஒரு ஹாலிபட், தட்டு மாதிரி சின்னது. அப்புறம் கொஞ்சம் பெருசு. அப்புறம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வருது ஈவான், மார்ஃபா சிரிக்கிறா, நான் சிரிக்கிறேன், கை எரியுது, ஒருத்தரும் நிறுத்தல.

கடைசிப் பக்கத்துல கயிறு நின்னுருச்சு. "கல்லுல மாட்டிக்கிச்சு"ன்னாரு உங்க அப்பா. நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்ப அந்தக் கல்லு நகந்துச்சு.

மேல வந்தப்ப முதல்ல பழுப்பா ஒரு நெழலு. அப்புறம் கண்ணு. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம், எங்களப் பாத்துகிட்டு. என்னைவிட நீளம். ஒரு வீட்டுக் கதவு தண்ணிக்கு அடியில இருந்து வந்த மாதிரி. உங்க அப்பா வெறி புடிச்சவர் மாதிரி இழுக்குறாரு. அது ஒரு தட்டு தட்டுச்சுன்னா காலு ஒடையும், படகு கவுந்துரும். நான் கத்துனேன்: "மாமா, விடுங்க. கயித்த விடுங்க."

திரும்பிப் பாத்தாரு. அன்னைக்கு முழுக்க அப்பத்தான் முதல் தடவையா என் மூஞ்சியப் பாத்தாரு.

"விடவா?"

"விடுங்க. அது எறங்கட்டும். மறுபடி இழுக்கலாம்."

விட்டாரு. அது கீழ போச்சு. இழுத்தோம். போச்சு. இழுத்தோம். அது களைச்சுப் போனதுக்கு அப்புறம், "இப்ப"ன்னேன். மாமா சீல் வேட்டைத் துப்பாக்கிய எடுத்தாரு, தலையில ஒரே குண்டு. மூணு பேரும் கொக்கிக் கம்பு போட்டு விளிம்புக்கு மேல இழுத்தப்ப படகு ஒரு பக்கமாச் சாஞ்சு தண்ணி உள்ள வந்துச்சு. அது எங்க கால்மேல விழுந்துச்சு. நாங்க மூணு பேரும் அதுக்கு மேல விழுந்தோம். கொஞ்ச நேரம் யாரும் எந்திரிக்கல.

கரைக்கு வந்தப்ப ரேடியோவுல முன்னாடியே பேச்சுப் போயிருச்சு. சின்னப் பிள்ளைங்க அது பக்கத்துல படுத்து அளந்து பாக்குதுங்க. கார்ல் தராசு பத்தாதுன்னு தலையில கைய வெச்சுகிட்டான். பொம்பளைங்க கத்தியோட நிலையத்துல நிக்கிறாங்க, சுத்தம் பண்றதுக்கும் கூலி உண்டு. எங்க அம்மா முதல் வரிசையில. ஐஸ் மெஷின் எரைச்சல்ல எதுவும் காது கேக்கல. எல்லாரும் கத்திக் கத்திப் பேசுறாங்க, கல்யாண வீடு மாதிரி.

இப்ப நான் சொல்ல வந்ததே இதுதான். மறுநாள் பிளேன் வந்துச்சு. நான் இத்தன வருஷமா பிளேனுக்கு நிக்கிறேன். நெறைய வரும், எறக்குவேன். அது வெறும் வயித்தோட திரும்பிப் போகும். நாம அனுப்புறதுக்கு என்ன இருந்துச்சு? படிக்கப் போற பிள்ளைங்களும் நோயாளிங்களும்தான். அன்னைக்கு முதல் தடவையா நான் அந்தப் பிளேன்ல ஏத்துனேன். பெட்டி பெட்டியா ஐஸும் மீனும். பைலட்டு, "போதும், இதுக்கு மேல தூக்காது"ன்னு கத்துனான். அப்படி ஒரு வார்த்தைய அந்த ஓடுபாதையில யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

பிளேன் கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னேன். அப்புறம் போயி அடுத்த கயித்துக்கு இரை வெட்டுனேன்.

உன் மதினி
ஒலிங்கா

பி.கு.: நீராவிக் குளியல்ல உங்க அப்பா, "கேப்டன் விடச் சொன்னா விடணும்"னு பேசிக்கிட்டு இருக்காராம். கேப்டனாம்.

---

கடலில்
1995 ஆகஸ்ட் 27

மதினிக்கு,

உனக்கு இது பாதி தெரியும். என் பக்கத்துப் பாதியை எழுதுகிறேன்.

இந்த மாதம் நான் சுக்கான் அறையில் நிற்கிறேன், பயிற்சி மாலுமியாக. முதல் வாரம் வலையில் சால்மன் வந்தது. கேப்டன் ஒலாவ்சனிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். மறுபடி வந்தது. மறுபடி சொன்னேன், கணக்கெடுக்கிற பெண் எழுதிய எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. "நீ என்ன என் மாமியாரா?" என்று கத்தினார். பிறகு வரைபடத்தைப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றினார். எல்லா முறையும் மாற்ற மாட்டார் என்று தெரியும். நானும் எல்லா முறையும் சொல்லத்தான் போகிறேன்.

போன வாரப் புயலில், நீங்கள் கயிறு போடுகிற பக்கத்துத் தீவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். காலையில் காற்று அடங்கியதும் புறப்பட்டோம். மெல்லிய வெயில். நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ரேடியோவில் ஏதோ கரகரப்பு. பிறகு நம் ஊர்ப் பேச்சு. கப்பலில் அந்தப் பேச்சைக் கேட்டே நாளாகிவிட்டது. யாரோ யாரையோ, "உன் கயிறு என் கயித்து மேல கெடக்கு, கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு குரல்: "கேப்டன், இரை தீரப் போகுது, என்ன பண்ண?"

அது என் அப்பா. என் அப்பா யாரிடமும் என்ன செய்யட்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு உன் குரல். "மிச்சத்த ரெண்டு ரெண்டா வெட்டுங்க மாமா."

பேசுகிற கருவியைக் கையில் எடுத்தேன். "நுனாசக் படகு, உங்க மோட்டாரு முதல் இழுப்புல எடுத்துச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்புறம் நீ கத்தியது உனக்கே தெரியும். கப்பல் மிக அருகில் வருகிறது என்று, நான் எங்கே நிற்கிறேன் என்று, என் காலில் காலுறை இருக்கிறதா என்று, எல்லாம் ஒரே மூச்சில். சுக்கான் அறை முழுக்க உன் குரல்.

ஒலாவ்சன் நாற்காலியிலிருந்து திரும்பினார். "யார் அது? எதுக்கு உன்ன இந்தக் கத்துக் கத்துறா?"

"நுனாசக்காரங்க சார். நாம பிடிக்கிறோமே கிராமத்துப் பங்கு, அதோட சொந்தக்காரி."

அவர் எழுந்து வந்து தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். கீழே பச்சைத் தண்ணீரில் சின்னச் சின்னதாகப் படகுகள். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கமாப் போகணும்னு அவங்களையே கேளு" என்றார்.

கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை.

"வடக்கால போ. தெக்கால எங்க கயிறு கெடக்கு. மெதுவாப் போ, அலைய எழுப்பாத."

ஒலாவ்சன் சுக்கானை என்னிடம் விட்டார். வேகத்தைக் குறைத்தேன். வடக்கே திருப்பினேன். இந்தக் கப்பல் திரும்ப நேரமாகும் மதினி, இவ்வளவு பெரிய இரும்பு. ஆனால் திரும்பியது.

ஈவான்